தண்ணீர் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் படகோட்டச் சங்கத்தின் கடிதத்தாளில் ஒரு மனிதன் துடுப்பு வலிக்கிறான். படகு போகும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, ஏதோ போருக்குப் போகிறவன் போல வலிக்கிறான். பந்தயப் படகில் யாரும் அப்படி உட்காருவதில்லை. போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அப்போதுதான் காலால் உதைத்து, முழு உடம்பாலும் இழுக்க முடியும். படத்தில் இருப்பவன் இழுத்தால் படகு பின்னுக்குத்தான் போகும். சங்கத்தில் நான் உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே இதைச் சொன்னேன். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பின்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது மங்களமாக இருக்காது என்றார் செயலாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். தேத்தண்ணியோடு தின்னப் பெற்றிஸ் வந்தது. நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மேசையில் வாழ்க்கையில் ஒருநாளாவது துடுப்புப் பிடித்தவன் நான் ஒருவன்தான். செயலாளர் கண்டி நகரில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்று அம்பிட்டியவில் வீடு கட்டிக்கொண்டவர். மற்றவர்கள் யார் யாருக்கோ மைத்துனர்கள். என்னைச் 'சம்பியன்' என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள். அந்தப் பட்டத்தின் பயன் அவ்வளவுதான்.

சம்பியனாக இருந்தது உண்மை. என் தகப்பனார் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக வேலைபார்க்கக் கண்டிக்கு வந்தவர். நான் அம்பிட்டியவில் பிறந்து வளர்ந்தவன். கொழும்பில் படிக்கப் போன இடத்தில், விடுதிச் சாப்பாட்டிலிருந்து தப்புவதற்காகப் படகுக் கழகத்தில் சேர்ந்தேன். அங்கே முட்டை தருவார்கள். முட்டைக்காகப் போனவன் ஒற்றையர் படகில் நாட்டிலேயே முதல் ஆளாகி, சில ஆண்டுகள் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்தேன். வெளிநாட்டில் ஒரு வெண்கலமும் கிடைத்தது. அது இப்போது வீட்டு அலுமாரியில், மின்சாரப் பட்டியல்களுக்குப் பாரமாக இருக்கிறது.

உடம்பு தளர்ந்ததும் படிப்புப் பக்கம் போனேன். கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பிரிவில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் ஒரு பேராசிரியர், கண்டி வாவியில் அன்னப் படகு ஓட்டியது நான்தானா என்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

பிறகு கலாநிதிப் பட்டம் எடுத்தேன். ஓடும் தண்ணீரிலும் நிற்கும் தண்ணீரிலும் எடுக்கப்படும் படகோட்ட நேரங்களைப் பற்றிய ஆய்வு. ஆறு ஓடும்போது எடுத்த நேரத்தையும், அது நிற்கும்போது எடுத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது என்பதுதான் அதன் சாரம். இதை என் மாமியாரும் சொல்லியிருப்பார். நான் முந்நூறு பக்கத்தில் சொன்னேன். நான்கு வருடம் எடுத்தேன். அதற்காக என்னை டொக்டர் என்றார்கள்.

அந்த முந்நூறு பக்கத்தில் உருப்படியான பக்கம் ஒன்று இருந்தது. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் அளப்பது எப்படி என்று அதில் எழுதியிருந்தேன். கரையில் பத்து மீற்றரை அளந்து இரண்டு தடிகளை நட வேண்டும். மேல் தடிக்கு நேரே ஒரு தோடம்பழத்தை, அதுதான் ஆரஞ்சுப் பழத்தை, தண்ணீரில் போட வேண்டும். கீழ்த் தடியை அடைய அதற்கு எத்தனை செக்கன் ஆகிறது என்று பார்க்க வேண்டும். தோடம்பழம் பாதி அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது, தண்ணீர்தான் தள்ளும். பிறகு ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு வருடமும் முதலாம் வருட மாணவர்களை மகாவலிக் கரைக்குக் கூட்டிப்போய் இதைச் செய்து காட்டுவேன். பாதிப் பேர் மரத்துக்குக் கீழே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர், அளந்து முடிந்ததும் பழத்தைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள்.

ஆய்வேட்டின் பிரதி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஆய்வேடுகளை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அட்டையின் உள்ளே ஒரு தாள் ஒட்டியிருக்கும். பெயர், திகதி, வாசித்த நேரம் எல்லாம் எழுதிவிட்டு அங்கேயே இருந்து வாசிக்க வேண்டும். ஆரம்பத்தில், யாராவது என்னை வாசிக்கிறார்களா என்று பார்க்கப் போவேன். போனவன் வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு நானே கையெழுத்து வைத்துவிட்டு வருவேன். நான்கு முறை அப்படி வைத்தேன். ஐந்தாவது முறை போகவில்லை.

இவ்வளவு பெரிய அறிஞனுக்கு ஒரு மாணவி கிடைத்தாள்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடொன்றிலிருந்து வந்தவள். தாய் கொழுந்து பறிக்கிறவர், தகப்பன் இல்லை. முதலாம் வருடத்தில், தோடம்பழம் போட்ட அன்று, தடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மூன்று தடவை திரும்பத் திரும்ப அளந்தவள் அவள் ஒருத்திதான். ஏன் மூன்று தடவை என்று கேட்டேன்.

"ஒரு வாட்டி போட்டா அது சுழில மாட்டிக்கலாங்க சேர்," என்றாள். "மூணையும் கூட்டிப் பாத்தாத்தான சரியா வரும்?"

அப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. என்னுடைய பழைய ஒற்றையர் படகைக் கொடுத்தேன். முதல் வாரத்தில் பதினொரு தடவை தண்ணீரில் விழுந்தாள். இரண்டாம் வருட முடிவில், எனக்கு ஏழு வருடம் எடுத்த ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள்: துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது சத்தமே வராது. ஆள் பெரிய உயரமில்லை. ஆனால் படகு அவளுக்குக் கீழே சும்மா வழுக்கிக்கொண்டு போகும். காலையில் முதல் பஸ்ஸில் இறங்கி வந்து, பயிற்சி முடித்து, ஈரத் தலையோடு விரிவுரைக்கு வருவாள். அவள் வலிப்பதைக் கரையிலிருந்து பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். சந்தோசமாகவும் இருக்கும். அந்த இரண்டையும் தவிர அந்த வேலையில் எனக்கு வேறு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

அவள் கடைசி வருடத்தில் இருந்தபோது ஆசியப் போட்டியொன்றுக்குப் பெண்கள் ஒற்றையரில் ஓர் ஆளை அனுப்பச் சொல்லிச் சங்கத்துக்கு அழைப்பு வந்தது. ஒரே ஒரு இடம். அதே நேரம் எங்கள் பிரிவில் விளையாட்டுப் போதனாசிரியர் பதவியொன்று காலியாக இருந்தது, நிரந்தர வேலை. விண்ணப்பிக்க வேண்டுமானால் நாட்டின் சார்பில் ஒருமுறையாவது வெளிநாட்டுப் போட்டியில் பங்குபற்றியிருக்க வேண்டும் என்று விதி. போட்டிக்குப் போனால் அவளுக்கு அந்த வேலை. போகாவிட்டால் பட்டம் முடிந்து படகையும் திருப்பிக் கொடுத்துவிட்டு மலைக்கு ஏற வேண்டியதுதான். இது எனக்கும் அவளுக்கும் அவள் தாய்க்கும் தெரியும். தாய் ஒருநாள் வேலைக்குப் போகாமல் மகளோடு கொழும்புக்குப் போய்க் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு வந்தார். தெரிவுக்கு முன்பே எதற்கு என்று கேட்டேன்.

"அம்மா கேக்கல சேர்," என்று சிரித்தாள். "நீ ஜெயிக்காம யாரு ஜெயிக்கப் போறாங்கன்னு ஒரே பிடிவாதம்."

தெரிவுப் பந்தயத்தைக் கண்டியில் வைத்தார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே, அணைக்கட்டு மறிப்பதால் மகாவலி அகன்று குளம்போல நிற்கும் இடம். அணைக் கதவுகள் மூடியிருக்கும்வரை அங்கே தண்ணீர் அசையாது. வாத்துகூட ஒரே இடத்தில் நிற்கும்.

சனிக்கிழமையே எல்லோரையும் ஒன்றாக ஓடவிட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் பிரதம அதிதியாக அழைத்திருந்த பெரிய மனிதர் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றார். பிரதம அதிதி வந்து விளக்கேற்றிவிட்டு வெறும் ஆற்றையா பார்ப்பார்? அவர் பார்க்கப் பந்தயம் வேண்டும். அதற்காகச் செயலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார்: கண்டிப் பக்கத்தவர்கள் சனிக்கிழமை ஓடட்டும், கொழும்புப் பக்கத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓடட்டும், இரண்டு நாள் நேரங்களையும் ஒப்பிட்டு முந்தியவரை அனுப்பலாம். இந்த நாட்டில் விளையாட்டு இப்படித்தான் ஒழுங்குசெய்யப்படுகிறது. விளக்குக்கு எண்ணெய், திரி, நாடா வெட்டக் கத்தரிக்கோல், எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும். பந்தயத்தைப் பற்றிச் சிந்திக்க ஆள் இருக்காது.

சனிக்கிழமை அவள் ஓடினாள். தண்ணீர் கண்ணாடி. நான் கரையோரம் சைக்கிளில் கூடவே போனேன். கடைசி இருநூறு மீற்றரில் அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, கண் எதையும் பார்க்கவில்லை. பெண்கள் ஒற்றையரில் இந்த நாட்டில் நின்ற தண்ணீரில் அதைவிட நல்ல நேரத்தை நான் கண்டதில்லை. படகிலிருந்து இறங்க முடியாமல் கரையில் படுத்தே கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினாள்.

அன்று பின்னேரம் மேலே மலைநாட்டில் மழை கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கரைக்குப் போனபோது அணைக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். மகாவலி தேத்தண்ணி நிறத்தில், முறிந்த மூங்கில்களைத் தள்ளிக்கொண்டு, பந்தயம் ஓடும் அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. பார்க்கக் கலாநிதிப் பட்டம் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் பந்தலுக்குக் கீழே விளக்குக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடுகிறது, இன்றைய நேரத்தை நேற்றையதோடு ஒப்பிட முடியாது என்றேன்.

"ஆறு என்றால் ஓடத்தானே வேண்டும் டொக்டர்?" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு, பிரதம அதிதியின் வாகனம் வருகிறதா என்று பாதையைப் பார்த்தார்.

தலைவரைத் தேடினேன். வாழ்நாள் முழுவதும் அணைக் கதவுகளைத் திறக்கவும் மூடவும் உத்தரவு போட்ட மனிதர். அவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்வரிசைக் கதிரைகளில் பெயர்த் துண்டுகளை ஒட்டுவித்துக்கொண்டிருந்தார்.

போட்டியாளர்களுக்காக மேசையில் ஒரு தட்டு நிறையத் தோடம்பழம் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றைக் கையில் எடுத்தேன். இரண்டு தடியை நட்டு, பழத்தைப் போட்டு, செக்கனை எண்ணி, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. எழுதிய பிறகு அதை யாராலும் மறுத்திருக்க முடியாது. அதை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்தவனே நான்தான். அப்போது பிரதம அதிதி வந்துவிட்டார். மேளம் அடித்தார்கள். சம்பியனையும் விளக்கேற்ற வரச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். போய் ஒரு திரியை ஏற்றினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, தோடம்பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

முதலாவதாக ஒரு கொழும்புப் பெண் வந்தாள், என் மாணவியின் நேரத்தைவிட நாற்பது செக்கன் முந்தி. ஒலிபெருக்கியில் தேசிய சாதனை என்று அறிவித்தார்கள். பிரதம அதிதி எழுந்து நின்று கைதட்டினார், படம் எடுத்தார்கள், அரை மணித்தியாலத்தில் அது எல்லோருடைய போனிலும் இருந்தது. அன்றைக்கு ஒரு வாழைத்தண்டை மிதக்கவிட்டிருந்தால் அதுவும் தன் வயதுப் பிரிவில் தேசிய சாதனை படைத்திருக்கும்.

அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படகைத் தூக்கி வைத்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டே நேராக என்னிடம் வந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் சொன்னாள்:

"சேர், நான் இவ்வளவு வேகம் இல்லை. ஆறுதான் கொண்டுவந்து விட்டது. சேருக்குத் தெரியும்தானே?"

பத்தொன்பது வயதுப் பிள்ளை. தன் சாதனையைத் தானே திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். வாங்கிக்கொள்ள நான் ஆயத்தமாக இல்லை. வாழ்த்துகள் என்று கை கொடுத்தேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை தெரிவுக் குழு கூடியது. நகரத்தில் ஒரு மாடிக் கந்தோர், சங்கத்தின் அலுவலகம். கீழே பஸ் சத்தம். மேசையில் அதே பெற்றிஸ். செயலாளர் இரண்டு பெயரையும் இரண்டு நேரத்தையும் வாசித்தார். பெரியது எது, சின்னது எது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் வேலை இருக்கவில்லை. ஒருவர் தேசிய சாதனைக்கு ஒரு கேக் வெட்ட வேண்டாமா என்று கேட்டார். அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள்.

கடைசியில் படிவம் என்னிடம் வந்தது. அதன் அடியில் தொழில்நுட்ப ஆலோசகரின் கையொப்பத்துக்கு ஓர் இடம் உண்டு. ஒப்பிடப்பட்ட நேரங்கள் சமமான நீர் நிலைமைகளில் எடுக்கப்பட்டவை என உறுதிப்படுத்துகிறேன் என்று அச்சிட்டிருக்கும். அந்த வரி முன்பு இருக்கவில்லை. மூன்று கூட்டத்தில் சண்டை பிடித்து அதைச் சேர்க்க வைத்தவன் நான். சங்கத்தில் இத்தனை வருடத்தில் நான் சாதித்தது அந்த ஒரு வரிதான். தொழில்நுட்ப ஆலோசகரும் நான்தான்.

பேனையை எடுத்துக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினேன். ஐயா, ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருந்தது, உங்களுக்குத் தெரியும்தானே என்று தமிழில் கேட்டேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என் பக்கம் சரிந்தார்.

"தெரியும் தம்பி. நான் என்ன குருடனோ? ஆனால் இதுக்குள்ள நீரும் நானும் மட்டும்தான் தமிழர். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தமிழ்ப் பிள்ளைக்காகக் கதைச்சால், இவை என்ன நினைப்பினம் எண்டு யோசியும்."

நான் பேனையின் மூடியைக் கழற்றினேன்.

"அதுவும் தோட்டத்துப் பிள்ளை," என்றார். "அதுகளுக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம். இன்னொரு முறை பார்ப்பம். சரி, உம்மட பேராசிரியர் அலுவல் என்ன மாதிரி? அந்தக் கடிதத்தை நான் இந்தக் கிழமை எழுதித் தாறன்."

பேராசிரியர் பதவிக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். ஆய்வுக்கு இத்தனை புள்ளி, கற்பித்தலுக்கு இத்தனை, தேசிய மட்டத்தில் ஆற்றிய சேவைக்கு இத்தனை என்று ஒரு புள்ளித் திட்டம் உண்டு. சேவைக்கான புள்ளிக்குத் தலைவரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் எனக்கு இரண்டு புள்ளி குறையும்.

அவர் சொன்னதில் எனக்குப் பயம் வந்தது உண்மை. தமிழன் தமிழச்சிக்காகப் பேசுகிறான் என்று அவர்கள் நினைத்துவிடுவார்கள் என்ற பயம். அதை வைத்து என்னை நானே மன்னித்துக்கொள்ளப் பல நாள் முயன்றேன். ஆனால் அவர்கள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் கேக்கைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேசையில் அவளைத் தமிழ்ப் பிள்ளை என்று சொன்னதும் தோட்டத்துப் பிள்ளை என்று சொன்னதும் எங்கள் ஆள்தான். ஓம் ஐயா என்று சொன்னது நான்தான். சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டேன். அழகான கையெழுத்து, முன்னால் கலாநிதி என்று அச்சிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை முடிவு வெளியானது. முடிவில் குறையிருந்தால் மூன்று நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவள் எழுதட்டும், கட்டாயம் எழுதுவாள், எழுதினால் விசாரிப்பார்கள், கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். என் வேலையை அவள் செய்ய வேண்டும் என்று காத்திருந்தேன். மூன்று நாளும் போனது. ஒன்றும் வரவில்லை.

நாலாம் நாள் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றாள். படகுக் கொட்டிலின் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாங்களா சேர்?"

கேள் என்றேன்.

"ஞாயித்துக்கெழம தோடம்பழம் போட்டுப் பாத்தீங்களா?"

என்னென்னவோ சொன்னேன். குழுவின் தீர்மானம், நடைமுறை, பிரதம அதிதி, அடுத்த முறை. பேராசிரியராகப் போகிறவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றது எனக்கு எரிச்சலாகவே வந்தது. அதனால் நான் அவளையே குற்றம் சொன்னேன்: மேன்முறையீடு செய்ய மூன்று நாள் இருந்ததே, ஏன் செய்யவில்லை?

"நீங்க உள்ள இருந்தீங்கல்ல சேர்," என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் இப்படின்னா, வேற ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். உங்களத் தாண்டி எழுதிப் போடுறது மரியாதை இல்லையே."

போய்ட்டு வாறேங்க சேர் என்று சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

கொழும்புப் பெண் போட்டிக்குப் போனாள். நின்ற தண்ணீரில் முதற் சுற்றிலேயே கடைசியாக வந்தாள். நல்ல அனுபவம் பெறப்பட்டது என்று சங்கத்தின் அறிக்கையில் எழுதினார்கள். கூடப் போன நான்கு அதிகாரிகளும் அனுபவம் பெற்று, பெட்டி நிறையச் சாமானும் வாங்கி வந்தார்கள். போதனாசிரியர் பதவிக்கு வேறு யாரோ வந்தார். நல்ல மனிதர், மேசைப்பந்து விளையாடுவார். அவள் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் உடுப்புகளைப் பரிசோதிக்கும் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை பஸ்ஸுக்கு நின்றபோது கண்டேன். வணக்கங்க சேர் என்றாள். தோள் அப்படியே இருந்தது. நான் போன் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

நான் பேராசிரியரானேன். இரண்டு புள்ளியும் கிடைத்தது.

சங்கம் எனக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தது. நினைவுச் சின்னமும் செய்தார்கள். அதில் அதே மனிதன் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு வலித்தான். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் என் பதக்கங்களையும் ஆய்வேட்டையும் வைக்க வேண்டும் என்றார் செயலாளர். வீட்டிலிருந்த ஆய்வேட்டுப் பிரதியைக் கறையான் அரித்திருந்தது. அதனால் நூலகத்துக்குப் போனேன். பேராசிரியர் கேட்டால் ஒருநாளைக்குக் கொடுக்கலாம் என்று நூலகர் உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்து வைப்பதற்காக அட்டையைத் திறந்தேன்.

தாளில் முதல் நான்கு கையெழுத்தும் என்னுடையவை. ஐந்தாவது அவளுடையது. பிள்ளைகளுக்குரிய உருண்டையான எழுத்தில் பெயரை முழுதாக எழுதியிருந்தாள். வாசித்த நேரம் காலை ஒன்பது மணி முதல் மாலை நாலரை வரை. அவ்வளவு நேரம் அந்த முந்நூறு பக்கத்தோடு வேறு யாரும் உட்கார்ந்ததில்லை, என் பரீட்சகர்கள் உட்பட.

நான் திகதியைப் பார்த்தேன். முடிவு வந்த பிறகு, மனம் கேட்காமல் தேடிப்பார்த்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பந்தயம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமையின் திகதி அது.

எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் அவள் ஒன்றும் பேசாமல் என்னை நம்பி இருந்திருக்கிறாள். நான் கையெழுத்துப் போட்ட கூட்டம் நடந்தது புதன்கிழமை.